பிடி... பிடி... தூத்துக்குடி!

உங்க செல்போனைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. முதுகுல ஒரு ரப்பர் கவர் இருக்கா? ஹாஸ்டல் ரூம் மூலையில சாத்தி வெச்சிருக்கிற கிரிக்கெட் பேட்டையும் எடுங்க. கைப்பிடியில சுருக்கம் சுருக்கமா ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிஞ்சதும் நாம என்ன செய்வோம்? நேரா ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போய், ‘அண்ணே, ஒரு கிரிப் மாட்டுங்க’ன்னு நிப்போம். அவரும் ஒரு கூம்புல மாட்டி, சர்ர்ர்னு உருட்டி இறக்கி விட்டுடுவார். வேலை முடிஞ்சது!

இதே உறைக்கு ஒரு அண்ணன் இருக்கான். அவன் குடியிருக்கிறது கைத்துப்பாக்கியில. ‘கிரிப் ஸ்லீவ்’னு பேரு. பிஸ்டலின் கைப்பிடிக்குக் கீழே இருந்து சாக்ஸ் மாதிரி மாட்டி மேலே இழுத்துவிட்டா போதும். வழுக்காது, கை வலிக்காது, குறி தப்பாதுன்னு சொல்லி விற்கிறாங்க.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மாணவன். மினி ப்ராஜெக்ட்டுக்கு எனக்குக் கிடைச்ச தலைப்பு ‘கைப்பிடிகள்’. லேப்ல உட்கார்ந்து எழுதியிருக்கலாம். ஆனா ஈரம், உப்பு, வியர்வை, கயிறு, இரும்பு, துப்பாக்கின்னு மனுஷக் கைக்குச் சவால் விடுற எல்லாமே ஒரே ஊர்ல இருக்கே! அதான் தூத்துக்குடிக்கு வண்டி ஏறிட்டேன். வாங்க, நீங்களும் கூட வாங்க.

மணியாச்சியில ஒரு நிமிஷம்

சென்னையில சாயங்காலம் முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா, மறுநாள் காலையில தூத்துக்குடிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஸ்டேஷன் வரும். போர்டுல ‘வாஞ்சி மணியாச்சி’ன்னு எழுதியிருக்கும். தூங்கிடாதீங்க, எழுந்து ஜன்னல் வழியா ஒரு தடவை பார்த்துடுங்க.

1911 ஜூன் 17 காலை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோட முதல் வகுப்புப் பெட்டியில உட்கார்ந்திருக்கார். செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதன், வயசு 25, பெட்டிக்குள்ள ஏறி அவரைச் சுடுறார். பிளாட்பாரத்துல ஓடி, கழிப்பறைக்குள்ள போய்த் தன்னையும் சுட்டுக்கிறார். அவர் கையில இருந்தது பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங் பிஸ்டல்.

ஆஷ் மேல ஏன் அத்தனை கோபம்? அதுக்கு விடை துறைமுகத்துல இருக்கு. அங்கே போகும்போது சொல்றேன். இப்போதைக்கு அந்தப் பிரௌனிங்ங்கிற பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஜான் பிரௌனிங் ஒரு அமெரிக்க டிசைனர். பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனி அவரோட டிசைன்களைத் தயாரிச்சது. அவர் ஆரம்பிச்சு, அவர் இறந்ததுக்கு அப்புறம் இன்னொருத்தர் முடிச்சு, 1935-ல வெளிவந்த ‘ஹை-பவர்’ மாடலோட வாரிசுதான் நம்ம நாட்டுல ராணுவமும் போலீஸும் பல வருஷமாப் பயன்படுத்துற 9 எம்.எம். பிஸ்டல். தயாரிப்பு, மேற்கு வங்கத்துல இருக்கிற இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி. மணியாச்சியில அன்னிக்கு வெடிச்ச பிஸ்டலும், இன்னிக்கு இன்ஸ்பெக்டர் இடுப்புல தொங்குறதும் தூரத்துச் சொந்தக்காரங்கன்னு வெச்சுக்கலாம்.

சட்டை போட்ட பிஸ்டல்

பீச் ரோட்டுல ஒரு டீக்கடை. அங்கே எனக்குக் கிடைச்ச ஆள், போலீஸ் ஆயுதக் கிடங்குல வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி. பேர் வேண்டாம்னுட்டார். துப்பாக்கிக்கு ரப்பர் சட்டை போடுறதைப் பத்திக் கேட்டதும் சிரிச்சார்.

“தம்பி, புதுசா வர்றவன் எல்லாரும் செய்யுத ஒரே காரியம் என்ன தெரியுமா? கோழிக் கழுத்தை நெரிக்க மாதிரி பிடியை நெரிப்பான். அப்படி நெரிச்சா கை நடுங்கும்லா? பொறவு குறி எங்கன நிக்கும்?”

ஒரு காகிதத்துல கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்க, ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான். 9 எம்.எம். குண்டோட எடை சுமார் ஏழரை கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 360 மீட்டர். பிஸ்டல் எடை சுமார் 900 கிராம். உந்தம் மாறாக் கொள்கைப்படி பார்த்தா, பிஸ்டல் நொடிக்கு 3 மீட்டர் வேகத்துல உங்க உள்ளங்கையைப் பின்னாடி தள்ளும். குழாய் கைக்கு மேலே இருக்கிறதால வெறுமனே பின்னாடி தள்ளாது, மூக்கை மேலேயும் தூக்கும். கை வியர்த்திருந்தா பிடி உள்ளங்கைக்குள்ளேயே நழுவித் திரும்பிடும். அடுத்த தடவை குறி பார்க்க முதல்ல இருந்து சரிபண்ணணும்.

ரப்பர் உறை இந்த உந்தத்தைக் குறைக்குமான்னு கேட்டா, ஒரு துளிகூடக் குறைக்காது. ஆனா அந்தத் தள்ளலைக் கொஞ்சம் நேரத்துக்கும் கொஞ்சம் அதிக இடத்துக்கும் பரப்பி விடும். இரும்போட விளிம்பு ஒரே இடத்துல குத்தாது. இன்னொரு விஷயம், உராய்வு. உராய்வுக் குணகம் இரண்டு மடங்கானா, அதே பிடிப்புக்குப் பாதி அழுத்தம் போதும். கை தளர்வா இருக்கும். கை தளர்வா இருந்தா சுட்டுவிரல் தனியா வேலை செய்யும். எல்லா விரலையும் இறுக்கினா, விசையை இழுக்கும்போது மத்த விரல்களும் சேர்ந்து இழுத்து, மூக்கை ஒரு பக்கமா ஒடிச்சிடும்.

அப்போ எல்லா பிஸ்டலுக்கும் ஒண்ணு மாட்டிடலாமா? அண்ணாச்சி விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சார்.

ஒண்ணு, கை அளவு. 9 எம்.எம். பிஸ்டல்ல 13 குண்டு ரெண்டு வரிசையா மேகசின்ல நிக்கிறதால கைப்பிடி ஏற்கெனவே தடிப்பு. பெரிய கைக்காரருக்கு உறை சுகமா இருக்கும். சின்னக் கைக்காரர் மாட்டினா விரல் விசைக்கு எட்டாது. எட்டி எட்டி இழுத்தா குறி போச்சு.

ரெண்டு, உறை எதை மூடுதுங்கிறது. மேகசினைக் கழற்றுற பட்டனையோ, சில மாடல்கள்ல கைப்பிடியின் பின்னாடி இருக்கிற பாதுகாப்பு அமைப்பையோ ரப்பர் தடுத்துட்டா ஆபத்து. உறை தளர்ந்து சுத்த ஆரம்பிச்சாலும் அப்படித்தான்.

மூணாவது, தூத்துக்குடி ஸ்பெஷல். “இது உப்புக் காத்து பாத்துக்கிடுங்க. ரப்பருக்கு அடியில ஈரம் போய் உக்காந்துச்சுன்னா வெளிய தெரியாது. கழட்டிப் பாக்கும்போது இரும்பு பூரா துரு ஏறிக் கெடக்கும்.” மாட்டும்போது வழுக்கணும்னு சோப்புத் தண்ணி போடக்கூடாதாம். சீக்கிரம் ஆவியாகிற ஸ்பிரிட் தடவி மாட்டணும். அப்புறம் அப்பப்போ கழற்றித் துடைக்கணும். அதுவும் சொந்த ஆயுதத்துக்குத்தான். அரசாங்கம் கொடுத்த ஆயுதத்துல யாரும் தன் இஷ்டத்துக்கு எதையும் மாட்ட முடியாது.

விளையாட்டுல கதை வேற. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில ரப்பர் உறை கிடையாது. மரக் கைப்பிடியைச் செதுக்கி, தேய்ச்சு, மெழுகு மாதிரி ஒரு கலவையை அப்பி, ஒவ்வொரு வீரரும் தன் உள்ளங்கைக்கே அச்செடுத்த மாதிரி ஆக்கிக்கிறாங்க. மொத்த எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக்கூடாது, மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி பிடி நீளக்கூடாதுன்னு விதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கின மனு பாக்கர் ஒரு கையால பிடிச்சது இப்படி ஒரு பிடியைத்தான்.

பேச்சு சூடு பிடிச்சப்போ, ‘கட்டுப்பாடு’ங்கிற வார்த்தையை நான் நாலைஞ்சு தடவை சொல்லிட்டேன் போல. அண்ணாச்சி டம்ளரைக் கீழே வெச்சார். பக்கத்து பெஞ்ச்ல இருந்தவரும் திரும்பிப் பார்த்தார். இந்த ஊர்ல துப்பாக்கிங்கிற பேச்சுக்கு ஒரு தேதி உண்டு. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரா ஊர்வலம் போனவங்க மேல போலீஸ் சுட்டதுல 13 பேர் இறந்தாங்க. விசாரிச்ச அருணா ஜெகதீசன் ஆணையத்தோட அறிக்கை 2022 அக்டோபர்ல சட்டமன்றத்துல வைக்கப்பட்டது.

“ரப்பரு கைக்குத்தான் தம்பி. சுடணுமா வேண்டாமாங்கிறதுக்கு ரப்பர் கெடையாது” என்றார் அண்ணாச்சி. அதுக்கு மேல பேசலை. நானும் கேட்கலை. டீக்குக் காசு கொடுக்கவும் விடலை.

மச்சான் கையில கயிறு

மறுநாள் விடியும் முன்னாடி திரேஸ்புரம். படகுகள் கரைக்கு வர்ற நேரம். நைலான் வலை, கயிறு, ஐஸ் பெட்டின்னு எல்லாக் கையும் எதையாவது பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. தூத்துக்குடியோட பழைய பெருமை எல்லாமே இப்படி ஒரு கயிற்றுல தொங்கினதுதான். முத்துக்குளிப்பு!

கொற்கை சங்க காலத்துல பாண்டியர்களோட முத்துத் துறைமுகம். இப்போ போனா கடலைக் காணோம், ஊரு சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வயலுக்கு நடுவுல இருக்கு. கடல் தள்ளிப் போச்சு, தொழில் தூத்துக்குடிக்கு வந்துச்சு. மன்னார் வளைகுடாவுல முத்துச் சிப்பி கிடக்கிற கடல் தளத்துக்குப் ‘பார்’னு பேரு. சிப்பி விளைஞ்சிருக்கிற வருஷத்துல மட்டும் அரசாங்கம் அனுமதி கொடுக்கும். இந்தக் கரையில பெரிய அளவுல முத்துக்குளிச்சது 1961-ல கடைசி. 1973-ல இதே ஊர்ல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே.அழகர்சாமி, சிப்பிக்குள்ள கருவை வெச்சு முத்து வளர்த்துக் காட்டினார். அந்த வேலைக்கும் தேவைப்பட்டது நடுங்காத கைதான்.

அந்தக் காலத்து முத்துக்குளிப்பை ஒரு மெக்கானிசமா யோசிச்சுப் பாருங்க. ஒரு கயிற்றுல கனமான கல். குளிப்பவர் கல் மேல கால் வெச்சு, மூக்கை அடைச்சு, சர்ருனு கீழே போவார். தரை தட்டினதும் காலை எடுத்துடுவார், மேலே இருக்கிறவர் கல்லை இழுத்துக்குவார். ஒரு நிமிஷம், முன்னே பின்னே. கைக்கு வந்த சிப்பியை எல்லாம் வலைப்பையில அள்ளிப் போட்டு, கயிற்றைச் சுண்டுவார். மேலே இருக்கிறவர் மளமளன்னு இழுக்கணும். மூச்சு கீழே இருக்கிறவரோடது, பிடி மேலே இருக்கிறவரோடது.

கயிற்றை யார் கையில கொடுப்பாங்க? மச்சினன் கையிலதான்னு கடற்கரையில சொல்வாங்க. அக்கா தங்கச்சியோட தாலி அந்தக் கயிற்றுல இருக்கே, விட்டுடுவானா என்ன! உராய்வுக் குணகம் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

கீழே சிப்பி ஓடு கத்தி மாதிரி கீறும். பாரசீக வளைகுடாவுல முத்துக்குளிச்சவங்க இதுக்காகவே விரல்களுக்குத் தோல்ல உறை செஞ்சு மாட்டிக்கிட்டாங்க. விரலுக்கு மாட்டுற கிரிப் ஸ்லீவ்! கடலுக்கு அடியிலயும் இந்த யோசனை இருந்திருக்கு.

செக்கும் சணலும்

திரேஸ்புரத்துல இருந்து தெற்கே வந்தா வ.உ.சிதம்பரனார் துறைமுகம். 1974-ல பெரிய துறைமுகமா அறிவிச்சாங்க, 2011-ல வ.உ.சி. பேரு வெச்சாங்க. உள்ளே அனுமதி இல்லாம போக முடியாது, வாசல்ல மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை நிக்கும். பக்கத்துல முயல் தீவு பீச்சுக்குப் போங்க. அங்கிருந்து பார்த்தா கிரேனும் கப்பலும் நல்லாத் தெரியும்.

இப்போ மணியாச்சிக் கேள்விக்கு வருவோம். 1906-ல வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்சார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல வெள்ளைக்காரக் கம்பெனி மட்டுமே ஓட்டிக்கிட்டு இருந்த ரூட்டுல, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலைக் கொண்டுவந்து விட்டார். 1908-ல கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்னார். அதே வருஷம் கைது. முதல்ல விதிச்சது 40 வருஷத் தண்டனை, மேல்முறையீட்டுல குறைஞ்சது. கம்பெனியை நசுக்கினதுல பெரிய பங்கு, அப்போ தூத்துக்குடியில சப்-கலெக்டரா இருந்த ஆஷுக்கு உண்டுன்னு இந்த ஊரு நினைச்சது. அதுதான் மூணு வருஷம் கழிச்சு மணியாச்சியில வெடிச்சது.

செக்கு இழுத்த கதை நமக்கு ஸ்கூல்லயே தெரியும். அதுக்கு முன்னாடி கோவை ஜெயில்ல சணல் கிழிக்கிற இயந்திரத்தைச் சுத்த விட்டாங்க. கைத்தோல் உரிஞ்சு ரத்தம் வந்ததை வ.உ.சி.யே சுயசரிதையில எழுதியிருக்கார். வக்கீலாப் பேனா பிடிச்ச கை அது. இயந்திரத்தோட கைப்பிடியை யாரும் அந்தக் கைக்குச் சரியாச் செய்யலை, செய்யணும்னு நினைக்கவும் இல்லை. தண்டனைன்னா அதானே! கை எப்படியோ போகட்டும், வேலை நடந்தா போதும்.

சரி, ஜெயில்ல அப்படி. வெளியில?

டியூப் மாட்டின பலகை

துறைமுகத்துல இருந்து திரும்பும்போது ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணைக் கூசும் வெள்ளை. உப்பளம். நாட்டுல குஜராத்துக்கு அடுத்து உப்பு விளையுற மாநிலம் தமிழ்நாடு, அதுல பெரும் பங்கு தூத்துக்குடிக்கு. உங்க மெஸ் சாம்பார்ல இருக்கிறது அநேகமா இந்த ஊரு உப்புதான்.

காலையில வெயில் ஏறும் முன்னாடியே வேலை ஆரம்பிச்சிடுது. பாத்திக்குள்ள கணுக்கால் அளவு உப்புத் தண்ணியில நின்னு, நீளக் கம்புல பலகை அடிச்ச கருவியால உப்பை வாரி வரப்புல குவிக்கிறாங்க. இன்னொரு பக்கம் பெண்கள் தலையில சும்மாடு வெச்சு, உப்புக் கூடையைச் சுமந்து அம்பாரத்துல கொட்டுறாங்க. சும்மாடு என்ன செய்யுது? எடையைக் குறைக்கலை, பரப்பி விடுது. அண்ணாச்சியோட ரப்பர் உறை செய்யுற அதே வேலை!

வரப்பு ஓரமா நின்ன ஒரு அக்காவோட பலகையைப் பார்த்தேன். கம்போட மேல் பக்கம், கை பிடிக்கிற ரெண்டு இடத்துல மட்டும் கறுப்பா ஏதோ இருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா, பழைய சைக்கிள் டியூப். குழாயா வெட்டி, அப்படியே கம்புல மாட்டி ஏத்தியிருக்காங்க. ரப்பருக்கு அடியில கம்பு மத்த இடத்தைவிட ஒல்லி.

“இது ஏன்க்கா இங்க மட்டும் செதுக்கியிருக்கு?”

“கடையில வாங்குத கம்பு மொத்தமால்லா இருக்கு? ஆம்பளயாளு கைக்குச் செஞ்சது. அருவாளால சீவிட்டு டியூப மாட்டிருவேன். இல்லன்னா சாயங்காலம் வெரல மடக்க முடியாது தம்பி.”

டீக்கடையில ஒரு மணி நேரம் கேட்ட பாடத்தை இவங்க ரெண்டே வரியில முடிச்சிட்டாங்க. உராய்வைக் கூட்டணும், ஆனா சின்னக் கைக்குத் தடிமனைக் கூட்டக்கூடாது. அதனால முதல்ல சீவு, அப்புறம் மாட்டு!

கையைக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையில கோடே தெரியலை, அத்தனை காய்ப்பு. காய்ப்புக்கு நடுவுல வெடிப்பு. வெடிப்புல உப்புத் தண்ணி பட்டா எப்படி இருக்கும்னு நான் எழுத வேண்டாம், வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கிட்டவங்களுக்குத் தெரியும். “கையுறை போடலாமேக்கா?” என்றேன். “உள்ள தண்ணி போயிரும். பொறவு உப்போட சேத்து ஊறிக்கிட்டே கெடக்கணும்” என்றார். ரப்பருக்கு அடியில போற ஈரம் இரும்பைத் தின்னும்னு அண்ணாச்சி சொன்னார்ல? இங்கே அது தோலைத் தின்னுது.

இப்போ இதையும் கேளுங்க. 2014-ல கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’னு ஒரு ரிவால்வரை அறிமுகப்படுத்தினாங்க. பெண்கள் கைக்கு ஏத்ததுன்னு விளம்பரம். எடை வெறும் அரை கிலோ, டைட்டானியம் கலந்த உலோகம். அப்போ விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். துப்பாக்கின்னு வந்தா பெண்ணோட கை அளவு நமக்கு ஞாபகம் வருது. நாள் முழுக்க உப்பு வார்ற பெண்ணோட கை அளவை எந்த டிராயிங் போர்டுல யார் வரைஞ்சாங்க? வருஷக்கணக்கா ஒரு கருவி கைக்கு ஒத்துவரலைன்னா, மாற வேண்டியது கருவியா, கையா? இந்த உப்பளத்துல இதுவரைக்கும் மாறினது கைதான், காய்ச்சுப் போய், வெடிச்சுப் போய்.

இன்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ‘லைன் ஃபாலோயர் ரோபோ’ காசு கொடுத்து வாங்கத் தயாரா இருக்கிற மக்களே, இங்கே ஒரு ப்ராஜெக்ட் சும்மா கிடக்கு. உப்புல துருப்பிடிக்காத, ஈரத்துல வழுக்காத, உள்ளே தண்ணி தங்காத, ரெண்டு மூணு அளவுல கிடைக்கிற, நூறு ரூபாய்க்குள்ள அடங்குற ஒரு கைப்பிடி உறை. பேட்டுக்கு மாட்டுற மாதிரி உருட்டி மாட்டணும், சாயங்காலம் கழற்றிக் கழுவி வெயில்ல போடணும். மோட்டார் வேண்டாம், சென்சார் வேண்டாம். ஆனா செய்யுறதுக்கு முன்னாடி, ஒரு ஸ்கேலை எடுத்துக்கிட்டு உப்பளத்துக்குப் போய், குறைஞ்சது அம்பது கைகளை அளந்துட்டு வாங்க. என் மினி ப்ராஜெக்ட் நோட்டுல இப்போ பதினொரு கைகள் இருக்கு. மிச்சத்துக்கு ஆள் வேணும், வர்றீங்களா?

கிளம்பிட்டீங்களா?

* எப்படிப் போகலாம்: சென்னை எழும்பூர்ல இருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ். பறக்கணும்னா ஊருக்கு வெளியே வாகைக்குளத்துல விமான நிலையம்.

* எப்போ போகலாம்: உப்பு வார்றதைப் பார்க்கணும்னா, வெயில் காலத்துல விடியற்காலை. வடகிழக்குப் பருவமழை வந்துட்டா பாத்தி எல்லாம் வெறும் தண்ணிதான், வேலையும் இருக்காது, கூலியும் இருக்காது.

* தவறவிடக் கூடாதது: பனிமய மாதா கோயில், முயல் தீவு, கொற்கை. நேரம் இருந்தா கட்டபொம்மனோட பாஞ்சாலங்குறிச்சி.

* வயித்துக்கு: எண்ணெயில பொரிச்ச புரோட்டா. திரும்பும்போது ஹாஸ்டலுக்கு ஒரு கிலோ மக்ரூன். ஒரு கிலோ பத்தாது, ரூம்மேட்ஸ் எத்தனை பேருன்னு எண்ணிட்டு வாங்குங்க.

* ஒரு வேண்டுகோள்: உப்பளத்துல கேமராவைத் தூக்கும் முன்னாடி ‘எடுக்கலாமாக்கா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அங்கே அவங்க போஸ் கொடுக்க நிக்கலை, வேலைக்கு நிக்கிறாங்க.